பழைய காமிரா வாங்கலாமா?

நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இப்போது பினாங்குக்குப் போனால் பழைய பிலிம் காமிராக்களை விசாரிக்கிறார்கள். ‘கைப்பேசியிலேயே படம் எடுக்கலாமே, இதற்கு ஏன் காசைக் கொட்டுகிறாய்?’ என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உழைத்துச் சேர்த்த பணம் வீணாகக் கூடாது. பிள்ளையின் ஆசையும் கருகிவிடக் கூடாது. ஆகவே, பழைய தொழில்முறைக் காமிராவை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கிய பின் எப்படிக் கையாளுவது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். இந்த வகைக் காமிராவில் லென்ஸ் ஒன்றுதான். லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் உருவத்தை அது மேலே திருப்பி விடுகிறது. அங்கே உள்ள ஐங்கோணப் பட்டகம் அந்த உருவத்தை நேராக்கி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும். திரை திறந்து மூடும். பிலிமில் ஒளி படும். லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம் என்பதுதான் இதன் சிறப்பு.

தொழில்முறைக் காமிராக்களில் பெயர் பெற்றவை ஜப்பானின் நிக்கான் எஃப் வரிசை. முதல் நிக்கான் எஃப் 1959-இல் வந்தது. எஃப் 2 1971-இலும், எஃப் 3 1980-இலும் வந்தன. கேனான் எஃப் 1 என்னும் காமிராவும் 1971-இல் வெளியானது. போர்க்களத்திலும் மழையிலும் புழுதியிலும் செய்தியாளர்கள் தூக்கித் திரிந்த கருவிகள் இவை. அதனால் உறுதியானவை, கனமானவையும்கூட. எஃப், எஃப் 2 இரண்டிலும் திரை இயந்திர விசையாலேயே ஓடும். பாட்டரி இல்லாமலே படம் எடுக்கலாம். பாட்டரி ஒளி அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். எஃப் 3-க்கோ பாட்டரி அவசியம். அது தீர்ந்துபோனால், அவசரத்துக்கென்று உள்ள ஒரே ஒரு வேகத்தில்தான் எடுக்க முடியும்.

இனி வாங்கும் விஷயம். ஜார்ஜ் டவுனில் பழைய காமிரா விற்கும் கடைகள் உண்டு. லோரோங் கூலிட் காலைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே காமிராவும் கண்ணில் படலாம். எங்கே வாங்கினாலும் அவசரப்படாதீர்கள். ஒரு சிறிய கைவிளக்கை எடுத்துச் செல்லுங்கள்.

லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து விளக்கை அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல, வேர் போல உள்ளே ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்கு முதல் எதிரி அதுதான். நன்றாகப் பற்றிய பூஞ்சணம் கண்ணாடியையே அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது. சில தூசிகள் இருந்தால் பரவாயில்லை.

அடுத்து, பின்கதவைத் திறந்து ஒவ்வொரு வேகத்திலும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு வினாடி வேகத்தில் திரை ஒரு வினாடி திறந்திருக்க வேண்டும். அரை வினாடி, கால் வினாடி என்று வைக்கும்போது ஓசை வேறுபட வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். பழுது பார்க்கக் காமிராவின் விலையில் பாதிகூட ஆகலாம். பாட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் யோசியுங்கள். கதவு ஓரத்திலும் கண்ணாடிக்கு மேலேயும் உள்ள கறுப்புப் பஞ்சு காலப்போக்கில் பிசினாக உருகும். இது சாதாரணக் குறை; மாற்றிவிடலாம். ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். நிக்கான் லென்ஸ்களில் 1977-இல் ஒரு மாற்றம் வந்தது. அதனால் எல்லா லென்ஸும் எல்லா உடலோடும் மீட்டரில் ஒத்துப்போகாது. வாங்கப்போகும் லென்ஸை அந்தக் காமிராவிலேயே பூட்டிப் பாருங்கள். அடுத்தது, முதல் எஃப்-இன் மீட்டர்களும் கேனான் எஃப் 1-உம் 1.35 வோல்ட் பாதரசப் பாட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பாட்டரி இப்போது விற்பனையில் இல்லை. சாதாரண 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டி, படம் இருண்டுவிடலாம். காது கேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாகப் பாட்டரியை ஒரு வளையத்தோடு வைத்துச் சமாளிக்கலாம்.

காமிராவின் விலை ஒரு தடவைச் செலவு. பிலிமும் கழுவும் கூலியும் ஒவ்வொரு தடவையும் செலவு. ஒரு சுருளில் 36 படம்தான். ஆகவே மாதத்துக்கு ஒரு சுருள் தாங்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டுக் காமிராவைத் தொடுங்கள். தாங்காது என்றால் காத்திருப்பதில் வெட்கமில்லை.

சரி, வாங்கியாகிவிட்டது. எப்படி எடுப்பது? குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிரம்ப வேண்டும். குழாயை அகலத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும். சிறிதாகத் திறந்தால் நேரமாகும். லென்ஸின் துவாரம்தான் குழாய்த் திறப்பு. திரை திறந்திருக்கும் நேரம்தான் நாம் காத்திருக்கும் நேரம். பிலிமின் ஐ.எஸ்.ஓ எண்தான் குடத்தின் அளவு. எண் கூடினால் குடம் சிறியது, குறைந்த ஒளியே போதும். துவார எண்களில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. 16 என்பது சிறிய துவாரம். 2 என்பது பெரிய துவாரம். 16, 11, 8, 5.6, 4 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி இரண்டு மடங்காகிறது.

மீட்டர் இல்லாமலே எடுக்க ஒரு வாய்பாடு உண்டு. பிலிம் 200 என்றால் திரை வேகத்தை 1/250-இல் வையுங்கள். நல்ல வெயிலில் துவாரம் 16. நிழல் மங்கலாக விழுந்தால் 11. நிழலே விழாத மேகமூட்டத்தில் 8. கறுத்த மேகத்தில் 5.6. திறந்தவெளி நிழலில் 4. கித்தா மரங்களுக்கு அடியில் வெளிச்சம் திட்டுத் திட்டாக விழும். அங்கே முகம் நிழலில் இருக்கிறதா, வெயிலில் இருக்கிறதா என்று பார்த்து முகத்துக்கே கணக்கு வையுங்கள்.

மீட்டரை நம்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே மீட்டர் எண்ணிக்கொள்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புக் கோயில் சுவருக்கு முன்னால் ஒருவரை நிறுத்தினால், சுவரின் பளபளப்பைப் பார்த்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். நம்மவர் முகம் கருகிப் போகும். அப்போது ஒரு படி, சில வேளை இரண்டு படி, கூடுதலாக ஒளி கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் ஒளி கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் தம்பியின் திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. நான்தான் படம் எடுத்தேன். எண் காட்டி 36-ஐத் தாண்டி 38-க்குப் போனபோதுதான் சந்தேகம் வந்தது. பிலிமின் நுனி சக்கரத்தில் மாட்டவே இல்லை. தாலி கட்டியது, மாலை மாற்றியது, பாட்டி ஆசீர்வதித்தது ஒன்றும் பதிவாகவில்லை. அடுத்த ஆண்டு பாட்டி இல்லை. அன்று முதல் பிலிம் போட்டதும் நெம்பியைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்ப்பேன். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. இதைப் பார்க்க இரண்டு வினாடிகூட ஆகாது.

காமிராவைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். பிலிம் கழுவக் கொடுக்கும்போது நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். சில கடைகள் கணினிப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைப் போட்டுவிடும். நெகட்டிவ்தான் மூலப் பத்திரம்.

நேயர்களே, புகைப்படத் தொழில் நமக்குப் புதிதல்ல. ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1862-ஆம் ஆண்டு வாக்கில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் சுமார் பத்து மாதம் தங்கிப் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிக்கும் வித்தையைப் பேய் வேலை என்று அஞ்சிப் பலர் உதவிக்கு வர மறுத்தபோது, மதராஸ்காரர் இருவரைப் பழக்கிப் படம் அச்சிடவும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாக, 1875-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆக, 160 ஆண்டுகளுக்கு முன்பே இதே பினாங்கில் நம்மவர் கைகள் இந்தத் தொழிலைப் பழகிவிட்டன.

அந்தக் கைகள் அச்சிட்டவை பிறருக்கான படங்கள். நம் கதையை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். பல தோட்டங்களில் கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்படுகின்றன, கோயில்கள் இடம் மாறுகின்றன. பால் வெட்டிய உளியைப் பிடித்த கையை, லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவை, பேர் சொல்லி, தேதி எழுதி, எடுத்து வையுங்கள். பழைய காமிரா வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கைப்பேசியிலாவது எடுத்து, அச்சுப் போட்டு, பின்புறம் பெயர் எழுதி வையுங்கள். கருவி எதுவானாலும், இந்த மாதமே எடுங்கள்.