இடைக்கலப்பும் இடைச்செருகலும்: முறைசார் மொழிக் கோட்பாடு பற்றிய ஒரு நோக்கு

முறைசார் மொழிகள் பற்றிய கோட்பாடு கணனி விஞ்ஞானத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகும். 1956 ஆம் ஆண்டு நோம் சொம்ஸ்கி இலக்கணங்களை வகைப்படுத்தியதைத் தொடர்ந்து வளர்ந்த இத்துறையில், 'மொழி' என்பது மக்கள் பேசும் மொழியன்று. எழுத்து வரிசைகளின் தொகுதியே மொழி எனப்படும். பொருள், வரலாறு, சமூகம் ஆகிய யாவும் விலக்கப்பட்டபின் எஞ்சும் வடிவத்தையே அது ஆராய்கின்றது. உருவவாதத்தை மறுத்து வந்துள்ள நமக்கு இங்கு என்ன வேலை என்ற வினா எழலாம். வடிவத்தை மட்டும் கொண்டு எதனை அறியலாம், எதனை அறிய இயலாது என்பதை இத்துறையே வரையறுத்துக் கூறுகின்றது. அதுவே நமது அக்கறைக்குக் காரணம்.

தமிழ்ச் சூழலுக்கு இது அந்நியமான துறையுமன்று. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974 இல் வெளியிட்ட ஆய்வு, நம் பெண்கள் வாசலில் இடும் கோலங்களை அணி இலக்கணங்களால் விவரித்தது. மக்கள் நடைமுறையொன்று கோட்பாட்டுக்கு ஊட்டமளித்தமைக்கு அது தக்க சான்று. இங்கு நாம் எடுத்துக்கொள்வது அத்துறையின் வேறொரு செயல். சீட்டுக்கட்டைக் கலைப்பதிலிருந்து 'ஷஃபிள்' எனப் பெயர்பெற்ற அதனை இடைக்கலப்பு எனலாம்.

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் இரு பஸ் வரிசைகள் புறக்கோட்டையில் ஒரே வாயிலால் நுழைகின்றன எனக் கொள்வோம். ஒரே வரிசையிலுள்ள வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஆனால் எந்த வரிசையின் வண்டி எப்போது நுழையும் என்பதற்கு விதியில்லை. எழுத்துகளிலும் இவ்வாறே. 'கட', 'மலை' என்னும் இரண்டையும் இடைக்கலந்தால் கடமலை, கமடலை, கமலைட, மகடலை, மகலைட, மலைகட என ஆறு வரிசைகள் கிடைக்கும். நான்கு எழுத்துகளைத் தடையின்றி மாற்றியமைத்தால் 24 வரிசைகள் உண்டாகும். ககரத்தின் பின்னரே டகரமும், மகரத்தின் பின்னரே லைகாரமும் வரவேண்டுமென்ற கட்டுப்பாடு அவற்றை ஆறாகக் குறைக்கின்றது. இடைக்கலப்பின் சாரம் இதுவே: ஒவ்வொரு கூறும் தன் உள்ளொழுங்கை இழப்பதில்லை.

ஒரே கணனியில் இரு வேலைகள் ஏககாலத்தில் நடைபெறும்பொழுது அவற்றின் படிகள் இவ்வாறே ஊடுபரவுகின்றன. பத்துப் படிகள் கொண்ட இரு வேலைகள் 1,84,756 வகைகளிற் கலக்கலாம். அவற்றுள் ஒரு வகையில் மட்டும் பிழை தோன்றினாலும் அதனைச் சோதனையாற் கண்டறிதல் கடினம். எளிய வகை மொழிகள் இரண்டைக் கலந்தால் விளைவும் எளிய வகையினதே. ஆனால் அடைப்புக்குறிகளைப் போல ஒன்றினுள் ஒன்று பொதிந்த அமைப்புடைய மொழிகள் இரண்டு கலக்குமிடத்து, விளைவு அவ்வகை இலக்கணத்துக்கு அடங்காது போகலாம். கட்டற்ற கலப்பை நெறிப்படுத்தும் முயற்சியாக, எவ்வழியிற் கலத்தல் தகும் என்பதையே ஒரு மொழியாக முன்கூட்டி வகுக்கும் முறையை மட்டீஸ்கு, ரொசன்பேர்க், சலோமா ஆகியோர் 1998 இல் முன்வைத்தனர்.

கலத்தல் எளிது, பிரித்தலோ வேறு பிரச்சினை. இரு கூறுகளும் கையிலிருந்தால், தரப்பட்ட வரிசை அவற்றின் கலப்பா என்பதை ஓர் அட்டவணை கொண்டு விரைவிற் சோதிக்கலாம். கூறுகள் தெரியாதவிடத்து நிலைமை மாறுகின்றது. ஒரு வரிசை, ஏதேனும் ஒரு சொல் தன்னுடனேயே கலந்து உண்டானதா என்ற எளிய வினாவை எடுத்துக்கொள்வோம். 'ககமம' என்பது 'கம' இருமுறை கலந்து பிறந்தது. அது சிறிதாகையால் உடனே புலப்படுகின்றது. ஆனால் நீண்ட வரிசைகளில் இவ்வினா என்.பி. கடின வகையைச் சேர்ந்ததென சாமுவேல் பஸ், மைக்கல் சோல்டிஸ் ஆகியோர் 2014 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினர். அதாவது, விடையொன்று தரப்பட்டால் விரைவிற் சரிபார்க்கலாம். எல்லா வரிசைகளுக்கும் விடையை விரைவிற் கண்டறியும் வழிமுறை எதுவும் இதுவரை அறியப்படவில்லை.

இலக்கிய ஆய்வாளர் இங்கு நின்று சிந்திக்கவேண்டியுள்ளது. மூலநூலொன்றினுள் பிற்காலத்தார் சூத்திரங்களைச் செருகி, மூலத்தின் ஒழுங்கைக் குலைக்காது விட்டிருப்பின், நம் கையிலுள்ள நூல் இரு நூல்களின் இடைக்கலப்பேயாகும். தொல்காப்பிய மரபியலில் நால்வருணம் கூறும் சூத்திரங்கள் இடைச்செருகலா என்ற நெடுநாள் விவாதம் இத்தகையது. பழந்தமிழ்ச் சமூகத்தை வருணபேதமற்றதாகக் காண விழைவோர் அவற்றை நீக்க முனைவர். வருண ஒழுங்கைத் தொன்மையானதென நிறுவ விழைவோர் அவற்றை மூலமென்பர். இரு சாராரின் நிலைப்பாட்டிலும் வர்க்க நலன்களும் சாதி நலன்களும் ஊடாடுவதை மறுத்தற்கில்லை. முற்போக்காளராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். நமக்கு ஒவ்வாததை இடைச்செருகலென ஒதுக்குதல் நமக்கும் எளிது.

வடிவம் தரும் பாடம் கண்டிப்பானது. எவ்வரியை நீக்கினாலும் எஞ்சியவை தம் ஒழுங்கிலேயே நிற்கும். ஆகவே, 'இவற்றை நீக்கினும் நூல் தொடர்ந்து செல்கின்றது' என்பது தன்னளவிற் சான்றாகாது. அத்தகைய பிரிப்புகள் எண்ணிறந்தன. சொல்வழக்கின் காலம், கல்வெட்டு, உரைமரபு, உற்பத்தி உறவுகளின் வரலாறு எனப் புறத்தேயிருந்து வரும் சான்றே அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும்.

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் பொருளதிகாரத்தை முழுவதும் நச்சினார்க்கினியர் உரையெனப் பதிப்பித்தார். அதன் பிற்பகுதியுரை பேராசிரியருடையதென இரா. இராகவையங்கார் பின்னர் நிறுவினார். ஒன்றன்பின் ஒன்று நிற்பதே கலப்பின் மிக எளிய வகை. அதனைப் பிரிப்பதற்கும் உரைகாரர் பற்றிய அறிவு தேவைப்பட்டது. பதிப்பாசிரியர் அஞ்சாது அச்சேற்றியமையாலேயே பின்வந்தோர் திருத்தவும் முடிந்தது. வரலாற்றறிவு வடிவ ஆய்வுக்கு அணிகலனன்று. அஃதின்றி வடிவ ஆய்வு தன் வினாவுக்கே விடைகாண இயலாது. இதனை ஒப்புக்கொள்ளும் ஆய்வாளர், தமக்கு உவப்பான பிரிப்புக்கும் அதே அளவு சான்றைக் கேட்கக் கடமைப்பட்டவராவர்.