கம்பார் மேட்டில் ஒரு கேப்டன்

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தெற்கே, கோப்பெங்கைத் தாண்டி வந்தால் இடப்பக்கம் புஜாங் மலாக்கா மலை எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில்தான் கம்பார். இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1942 ஜனவரி 2-ஆம் தேதி அங்கே ஒரு மேட்டில் ஜான் ஆன்ஸ்லோ கிரகாம் என்ற இளம் கேப்டனின் இரு கால்களும் சிதைந்தன. மறுநாள் உயிர் போனது.

1941 டிசம்பர் 8 அன்று கரையிறங்கிய ஜப்பான்காரன், மூன்றே வாரத்தில் சைக்கிளும் டாங்கியுமாகப் பேராக்குக்கு வந்துவிட்டான். கெடாவிலிருந்து பின்வாங்கிய ஈஸ்ட் சர்ரே, லெஸ்டர்ஷயர் ஆகிய இரண்டு ஆங்கிலேயப் பட்டாளங்களிலும் ஆள் குறைந்துபோனது. மிஞ்சியவர்களை ஈப்போவில் ஒன்றாகச் சேர்த்து, ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்று பெயர் வைத்தார்கள். டிசம்பர் கடைசியில் ஈப்போவும் கைவிட்டுப் போனது.

அடுத்த அரண் கம்பார். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பால்மரக் காட்டுக்குள் எதிரி பத்தடி தூரத்தில் வந்தாலும் தெரியாது. கம்பாருக்கு முன்னால் இருந்ததோ ஈயம் தோண்டி வெறிச்சோடிப்போன மணல்வெளி. மேட்டிலிருந்து பார்த்தால் வருகிறவன் தெரிவான்; பீரங்கியால் குறிவைத்து அடிக்கலாம். வடக்கே தொடங்கிய பின்வாங்கலில் ஜப்பானியர் நன்றாக அடிவாங்கியது இங்கேதான். டிசம்பர் 30 முதல் நான்கு நாள் அவர்களால் இதைத் தாண்ட முடியவில்லை.

நான்காம் நாள் அந்த அரணில் இருந்த தாம்சன் மேட்டின் பதுங்குகுழிகள் சில ஜப்பானியர் கைக்குப் போயின. மீட்கப் போன ஆங்கிலேயர் முயற்சி முழுதாகப் பலிக்கவில்லை. கடைசியாக அனுப்பப்பட்டது, 8-ஆவது பஞ்சாப் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த சீக்கியக் கம்பெனி. தலைமை கிரகாம், துணைக்கு லெப்டினன்ட் சார்லஸ் டக்ளஸ் லாம்ப். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு, ‘சத் ஸ்ரீ அகால்’ என்று முழங்கியபடி மேட்டில் ஏறினார்கள். லாம்ப் அங்கேயே விழுந்தார். மோர்ட்டார் குண்டு ஒன்று கிரகாமின் கால்களைச் சிதைத்தது. அவர் முட்டி போட்டபடியே கையெறிகுண்டுகளை வீசி, தன் ஆட்களை மேலே போகச் சொல்லிக் கத்தினார். குழிகள் மீட்கப்பட்டன. மிஞ்சியவர்கள் சுமார் முப்பது பேர்.

இத்தனைக்குப் பிறகும் அன்றிரவே கம்பாரைக் காலி செய்தார்கள். ஜப்பானியர் படகுகளில் வந்து தெலுக் ஆன்சன் பக்கம், அதாவது இன்றைய தெலுக் இந்தான் பக்கம், இறங்கிவிட்டார்கள். சாலையைப் பின்னால் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். கடற்கரையைக் காக்கக் கப்பலும் விமானமும் தராத மேலிடம், மேட்டைக் காக்க மட்டும் உயிர்களைக் கேட்டது. ஜனவரி 7-இல் ஸ்லிம் ரிவரில் எல்லாம் நொறுங்கியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் போனபின் தோட்டத்து லயங்களில் தனித்து நின்றவர்கள் நம் ஆட்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை பின்னர் விழுங்கியது.

கம்பார் ஆசிரியர் சாய் கூய் லூங் பிரிட்டிஷ் பட்டாலியனின் வரலாற்றைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். அவர் போன்றவர்களால்தான் கிரகாமின் கதை நமக்குத் தெரிகிறது. கிரகாமின் பின்னால் ஏறிய சீக்கியச் சிப்பாய்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அறிவோம்? தைப்பிங் போர்க் கல்லறையில் கிடப்பவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யாரென்றே தெரியாதவர்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் வரிசையாக நிற்கின்றன, கதை இல்லாமல்.

நம் தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது, தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறுவதுண்டு. ஈப்போ பக்கமிருந்து பழைய சாலையில் வரும் ஆசிரியர்கள் கம்பாரில் ஒரு மணி நேரம் பேருந்தை நிறுத்தி, இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.