கூடாரம் எங்கே போடுவது?

சிவில் பிரிவு, மூன்றாமாண்டு மாணவன்

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், காதல் தோல்வியே முப்பது வந்திருக்கு" என்றார் நம் மாணவர் மன்றச் செயலாளர். பாலங்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சர்வே காம்ப் முடிந்து வந்ததிலிருந்து நம் வகுப்பில் நாலைந்து பேர், "வீட்டோட காம்ப் போகணும், எந்த இடம் நல்லா இருக்கும்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். இதில் பாதி நான் செய்த தப்பு. மீதி, அந்தத் தப்பைத் திருத்திய கதை.

முதலில் எங்கள் வீட்டு ஆட்களைச் சொல்லிவிட வேண்டும். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் நாங்கள்: அப்பா, அம்மா, நான், தம்பி, எழுபத்தோரு வயசு ஆயா. தி.நகரில் அத்தை. அடையாறில் சித்தப்பா, சித்தி, எட்டாவது படிக்கும் அவர்கள் மகள். வேளச்சேரியில் அக்கா, அவளுடைய நாலு வயசுப் பையன். அத்தானுக்கு லீவு கிடைக்காது, அதனால் பதினொரு பேர். ஒரு வேன் கொள்ளும்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு இடம் பார்த்தது நான்தான். எப்படிப் பார்த்தேன்? போட்டோவைப் பார்த்தேன். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஓடை. ஓடைக்கரை மணலில் வரிசையாக மஞ்சள் நிறக் கூடாரங்கள். நடத்துபவர் யார் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. "சிவில் படிக்கிற பையன் பார்த்த இடம்" என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் இறங்கியபோது இடம் அழகாகத்தான் இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், கூழாங்கல், குளிர்ந்த காற்று. கரையோரப் புதர்களில் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த புல்லும் பாலிதீன் பையும் சிக்கித் தொங்கின. யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா, "பாய் நனையுது" என்று கத்தினாள். எங்கள் தலைமேல் ஒரு தூறல்கூட இல்லை. மேலே மலையில் மழை பெய்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கணுக்கால் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. குழந்தையைத் தூக்கு, ஆயாவைப் பிடி என்று எல்லோரும் வேனுக்கு ஓடி, விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அந்தப் பாலிதீன் பை குப்பை இல்லை, நண்பர்களே! போன வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று ஓடையே எழுதி வைத்த குறிப்பு அது. பாலத்துக்கு உச்ச வெள்ள மட்டம் எடுக்கும்போது கரையில் இந்த மாதிரி அடையாளங்களைத்தான் தேட வேண்டும் என்று வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு இது தெரியாத பாடமும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு ஆறு ஊருக்குள் வந்தபோது சித்தப்பா வீட்டுத் தரைத்தளம் மூழ்கி, பீரோவெல்லாம் மிதந்தது. அப்படிப்பட்ட ஆட்களைக் கொண்டுபோய் ஓடைக்குள் படுக்க வைத்தவன் நான்.

ஆனால் நான் சொல்ல வந்த தப்பு அதுகூட இல்லை. காலையில் வேனிலிருந்து இறங்கின ஆயா, ரெண்டு அடி வைத்ததும் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊர் டாக்டரிடம் கொண்டு போனோம். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "நேத்திலேர்ந்து தண்ணியே குடிக்கலையாம்மா?" என்று கேட்டார் அவர். கக்கூஸ் கூடாரங்களிலிருந்து இருநூறு அடி தள்ளி, மேட்டில் இருந்தது. உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு பிடிமானம் கிடையாது. இதை வந்து இறங்கியதுமே பார்த்த ஆயா, மதியம் நாலு மணியிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். "ராத்திரில யாரை எழுப்புறது? அதான் குடிக்கல" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்.

இடம் எப்படி இருக்கிறது என்று ஆயிரம் பேரிடம் கேட்ட நான், ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டிருப்பேன். "எனக்கின்னாப்பா, எங்க இட்டுக்கினு போனாலும் சரி" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆகவே இரண்டாம் முறை நான் இடத்தைத் தேடவில்லை. ஆட்களைத் தேடிப் போனேன், ஒவ்வொருவராக. ஆயாவிடம் கபாலி கோயிலுக்குப் போகும் வழியில் பேசினேன். அரை மணி சுற்றி வளைத்த பிறகு, "உக்கார்ற கக்கூஸ் இருந்தா போதும்டா, படுக்கறது எங்க வேணாலும் படுப்பேன்" என்றார். அத்தை ரங்கநாதன் தெரு நெரிசலில் என்னைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "மூணு நாளைக்கு நான் அடுப்பைப் பார்க்கக் கூடாது. கல்லு வெச்சு விறகு ஊதறதெல்லாம் உங்களுக்கு ஜாலி, எனக்கு அது சின்ன வயசுல தினசரி வேலை." இதை எத்தனை பேர் யோசிக்கிறோம்? நாம் காம்ப் என்று கொண்டாடுவதில் பாதி, நம் வீட்டுப் பெண்கள் கஷ்டப்பட்டுத் தாண்டி வந்த வாழ்க்கைதான். சித்தப்பா மகளுக்கு நட்சத்திரம் பார்க்க வேண்டும்; பெசன்ட் நகர் மொட்டை மாடியில் எண்ணிப் பதினைந்து கூடத் தெரிவதில்லையாம். தம்பிக்கு நெருப்பு மூட்ட வேண்டும். அம்மாவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட குளியலறை. அக்கா பையனுக்கு வண்டி வளைந்தால் வாந்தி. அப்பாவுக்குச் செலவு. சித்தப்பா மட்டும் நிஜமாகவே எதுவும் கேட்கவில்லை, தூங்கினால் போதும் என்றார்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இடங்கள் தானாகக் கழிந்துவிடும். வேடந்தாங்கல் பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் சென்னையிலிருந்து 80 கிலோமீட்டர் அளவுதான், காலையில் போய் மாலையில் வரவேண்டிய இடம். கடற்கரை? மணலில் முளை நிற்காது, காற்று விடாது. அதோடு ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நெருப்பும் விளக்கும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாகக் கரைப்பக்கம் இழுத்துவிடும். 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறவர்கள் மாணவர்கள்தான். அங்கே போய் நாம் காம்ப் ஃபயர் போட்டால் நன்றாகவா இருக்கும்? கொல்லிமலை நல்ல மலை, ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு. அக்கா பையனை நினைத்ததுமே அடித்துவிட்டேன். நட்சத்திரத்துக்கு ஜவ்வாது மலையை மிஞ்ச முடியாது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காவலூரில் நிறுவினார்கள் என்றால் சும்மாவா? ஆனால் ஆயாவின் நிபந்தனைக்கு ஒத்துவரும் இடம் அங்கே நான் தேடியவரை எனக்கு அகப்படவில்லை.

மிச்சம் நின்றது ஏலகிரி. வளைவு 14 மட்டும். புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதால் பையனுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி வாந்தியை மறக்கடிக்கலாம். உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர். "ஏலகிரியா, அதுல என்னடா இருக்கு?" என்று நம் வகுப்பில் சிரித்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லைதான். ஊட்டி மாதிரி காட்சி கிடையாது. அதனால்தான் பதினொரு பேரும் ஒத்துக்கொண்டார்கள்!

மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. அப்போது ஓடை, பள்ளம் எல்லாம் ஆபத்து. பிப்ரவரிக்கு மேல் மலைப் புல் காய்ந்துவிடும். அது வேறு ஆபத்து. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், மனிதன் ஏறி ஓடும் வேகம் அதற்கு ஈடாகாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைக் குறித்து, வழிகாட்டியோடு அழைத்துப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே காட்டுக்குள் கூடாரம் என்று யாராவது கூப்பிட்டால் முதல் கேள்வி, "அனுமதி இருக்கா?" என்பதாக இருக்கட்டும். மழைக்கும் தீக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது ஜனவரி. குளிரும், பனி கொட்டும். ஆனால் போர்வையால் சமாளிக்கலாம்.

கிளம்புவதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி படுத்தோம். அடையாறில் காம்ப் என்றால் சிரிக்காதீர்கள். வெள்ளைக்காரர்களின் சாரணர் படையில் இந்தியப் பையன்களைச் சேர்க்காத காலத்தில், அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் இந்தியச் சாரணர் சங்கத்தை ஆரம்பித்தது இந்தச் சென்னையில்தான். அவர் பெயரில் சாரணர் முகாம் மையம் இன்றும் அடையாறில் உண்டு. எங்கள் மாடி ஒத்திகையில் தெரிந்தவை: தம்பி குறட்டை விடுவான், தார்ப்பாய் நாலு மூலையிலும் பத்தாது, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி யாரும் வாங்கவில்லை. மலைமேல் தெரிந்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

பொங்கல் கழிந்த வாரம் போனோம். வேன் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஏலகிரி எக்ஸ்பிரஸ் பெயரில்தான் ஏலகிரி; அது மாலையில் கிளம்பி ராத்திரிதான் ஜோலார்பேட்டை சேரும். இருட்டில் மலையேற வேண்டாம் என்று காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து மலைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

இடம் பதிவு செய்யும் முன்பு நானும் சித்தப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வந்திருந்தோம். பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும். எப்படிப் பார்த்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். அறைகளும் உண்டு, கூடாரம் போட மைதானமும் உண்டு. இப்படி ரெண்டும் சேர்ந்த இடம்தான் குடும்பத்துக்குச் சரிப்படும். ஆயா, அத்தை, அம்மா அறையில், மற்றவர்கள் வெளியே. முதலில் கக்கூஸைப் பார்த்தேன். குழாயைத் திறந்தேன், தாழ்ப்பாளைப் போட்டு இழுத்தேன், கூடாரம் வரும் இடத்திலிருந்து அடி எண்ணினேன்: இருபத்தாறு. பிறகு மேலே பார்த்தேன். பெரிய மரத்தின் காய்ந்த கிளைக்கு நேர் கீழே படுக்கக் கூடாது. பிறகு தரை. நம் டம்பி லெவலை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியுமா? தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பிப் படுக்க வைத்தால் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது மேடு. தலையை அங்கே வை. சரிவு துளியும் இல்லாத தரை நல்லதில்லை, மழை வந்தால் தண்ணீர் தேங்கும். புல்லின் நிறத்தையும் கவனிக்க வேண்டும்; சுற்றிலும் காய்ந்திருக்க ஒரு வட்டம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். அடுப்பு இடம் காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் பொறி கூடாரத்தின் மேல் விழாது. காவலாளியிடம், "போன மழைக்குத் தண்ணி எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார், அந்தப் பக்கம் போகவே இல்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் நாள் மேகம், நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. சித்தப்பா மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அத்தை சமைக்க வேண்டாம் என்று மெஸ் சாப்பாடு சொல்லியிருந்தோம். சாம்பாரில் உப்பு இல்லை என்று அவரே சமையல்கட்டுக்குள் போய் அவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தார். தம்பிக்குக் கிடைத்த விறகு ஈரம், நெருப்பை விடப் புகை அதிகம். அப்பா போட்ட கணக்கைத் தாண்டிச் செலவு போயிற்று.

ரெண்டாம் நாள் வானம் திறந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் மைதானத்தில் பாய் போட்டுப் படுத்து, அவள் காட்டக் காட்ட ஓரியனைப் பார்த்துக் கொண்டிருந்தோம். ஆயாவும் அறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், சால்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "டேய், குளுருதுடா, காபி இருக்குமா?" என்றார். இந்நேரத்தில் காபியா என்று அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆயா கேட்கவில்லை. ஒரு டம்ளர் காபி குடித்தார். அதன் மேல் ஒரு சொம்பு தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.