சாவி கைமாறும் வரை: வீட்டு முகவரின் நிதானம்

அமெரிக்காவில் வீடு வாங்குவோரும் விற்போரும் பல வாரங்கள் பேசி எட்டிய உடன்பாடு, ‘குளோசிங்’ என்று வழங்கும் இறுதிக்கட்டத்தில்தான் சட்டப்படி நிறைவேறுகிறது. கடன் பத்திரங்களில் கையொப்பமிடுவது, பணம் கைமாறுவது, கிரயப் பத்திரம் பதிவுக்குச் செல்வது, சாவியை ஒப்படைப்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். கடன் வழங்கும் வங்கி, வீட்டின் விலையை மதிப்பிடுபவர், கட்டடத்தைச் சோதிக்கும் ஆய்வாளர், காப்பீட்டு நிறுவனம், வில்லங்கம் பார்த்து உரிமைக்கு உறுதியளிக்கும் ‘டைட்டில்’ நிறுவனம் எனப் பலர் தத்தம் இடத்திலிருந்து இதற்காக இயங்குவதால், ஒருவரின் தாமதம் எல்லோரையும் தாமதிக்க வைக்கிறது. அப்போது இரு தரப்பும் ஓயாமல் தொலைபேசியில் அழைப்பது முகவர்களைத்தான் என்பதால், அவர்களுடைய பொறுமையைத் தொழில்திறனின் ஓர் உறுப்பாகவே மதிக்க வேண்டியிருக்கிறது.

பதற்றத்தின் வேர்கள்

வங்கி, தான் ஒப்புக்கொண்ட வட்டி விகிதத்தைப் பெரும்பாலும் 30, 45 அல்லது 60 நாள்களுக்கு மட்டுமே மாறாமல் வைத்திருக்கும். ‘ரேட் லாக்’ எனப்படும் அந்தக் கெடு கடந்தால் நீட்டிப்புக் கட்டணமோ கூடுதல் வட்டியோ வாங்குபவர் தலையில் விழக்கூடும். விற்பவரோ, வரும் பணத்தைக் கொண்டு வேறொரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்துவிட்டு, சாமான்களை ஏற்றுவதற்கு லாரிக்கும் நாள் குறித்திருப்பார். போதாக்குறைக்கு, கடைசி நாள்களில் வங்கி கடன் வாங்குபவரின் வேலையையும் கடன் நிலையையும் மறுபடி சரிபார்க்கும் என்பதால், புது வீட்டுக்கென்று தவணையில் வாங்கிய சோபாகூடக் கடன் ஒப்புதலைச் சிக்கலில் மாட்டிவிடலாம். இதை முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்லிவைக்கும் முகவர், கடைசி வாரத்தின் பதற்றத்தில் பாதியைத் தொடக்கத்திலேயே தணித்துவிடுகிறார்.

சட்டம் வகுத்த காத்திருப்பு

இந்த அவசரத்துக்கு இடையே சட்டமே ஒரு காத்திருப்பை ஏற்படுத்தியிருக்கிறது. 2015 அக்டோபர் 3 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பெரும்பாலான வீட்டுக் கடன்களில் ‘குளோசிங் டிஸ்க்ளோஷர்’ எனப்படும் ஐந்து பக்கச் செலவு அறிக்கை, கையொப்பமிடுவதற்குக் குறைந்தது மூன்று அலுவல் நாள்களுக்கு முன்பே கடன் வாங்குபவரின் கைக்கு வந்திருக்க வேண்டும். கடனின் ஆண்டு வட்டிச் செலவு வரம்பை மீறி மாறினாலோ, கடனின் வகை மாறினாலோ, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் என்ற நிபந்தனை புதிதாகச் சேர்ந்தாலோ அந்த மூன்று நாள் கணக்கு மறுபடி தொடங்கும். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், தொடக்க மதிப்பீட்டில் சொன்ன தொகையையும் இப்போது கட்ட வேண்டிய தொகையையும் அருகருகே காட்டும் அட்டவணை இருக்கிறது. அதை வாங்குபவருடன் வரிவரியாகப் படித்து, கூடியிருக்கும் தொகைக்கு வங்கியிடம் விளக்கம் கேட்கச் செய்வது நல்ல முகவரின் வேலை.

முகவருக்குரிய தரகுத் தொகை பொதுவாகக் குளோசிங் முடிந்த பிறகே கிடைக்கிறது. ஆகவே எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற தூண்டுதல் அவருக்கு இயல்பாகவே உண்டு. ‘ரியல்டர்’ என்ற பெயரைத் தாங்கும் முகவர்களின் தேசியச் சங்கம் 1908-இல் தோன்றி, 1913-இல் தனக்கென ஒழுக்க நெறிகளை வகுத்துக்கொண்டது. தம் கட்சிக்காரரின் நலனைக் காப்பது முதற்கடமை, அதே வேளையில் எல்லாத் தரப்பினரிடமும் நேர்மையாக நடக்க வேண்டும் என்பதே அதன் முதல் விதியின் சாரம். தன் வருமானம் தள்ளிப்போகும் என்று தெரிந்தும், “இன்று கையொப்பம் வேண்டாம், இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்” என்று சொல்லத் துணியும் இடத்தில்தான் அந்த விதிக்கு உயிர் வருகிறது.

கடைசிப் பார்வையில்

குளோசிங்குக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் வாங்குபவர் வீட்டை இறுதியாக ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். குழாயில் வெந்நீர் வருகிறதா, சமையலறைத் தொட்டியின் அடியில் ஈரம் கசிகிறதா, ஹீட்டர் ஓடுகிறதா, விட்டுச்செல்வதாக ஒப்புக்கொண்ட வாஷிங் மெஷின் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் அந்த வேளையில் ஒரு கசிவு கண்ணில் பட்டாலும் குரல்கள் உயர்ந்துவிடும். அனுபவமுள்ள முகவர் முதலில் அதைப் படமெடுத்துக்கொள்வார். பின்னர் பழுதுபார்த்துத் தரச் சொல்வதா, செலவை விலையில் ஈடுசெய்வதா, நாளை நீட்டிப்பதா என்ற வழிகளை எடுத்துவைத்து, தேர்ந்த வழிக்கு வங்கியின் ஒப்புதல் தேவையா என்றும் விசாரிப்பார். இரு தரப்பு முகவர்களும் சேர்ந்து இழுக்காமல் இந்தத் தேர் நிலைக்கு வராது என்பதால், கட்சிக்காரரின் கோபத்தில் பொதிந்திருக்கும் கோரிக்கையை மட்டும் பிரித்தெடுத்து, நிதானமான சொற்களில் எழுத்தாக எதிர்த்தரப்புக்கு அனுப்புவது அவர்களுடைய முக்கியமான திறன்.

தன் எல்லையை அறிவதும் அதே திறனைச் சேர்ந்தது. பழைய கடன் பாக்கிக்காக வீட்டின்மேல் வில்லங்கம் ஒன்று வெளிப்பட்டால், சட்ட ஆலோசனை சொல்ல முகவருக்கு உரிமை இல்லை. வழக்கறிஞரிடமோ டைட்டில் நிறுவனத்திடமோ அனுப்பிவிட வேண்டும். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகக் கடைசி நேரத்தில் வரும் மின்னஞ்சல் மோசடிக்காரர்களின் வேலையாக இருக்கக்கூடும் என்பதால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று எச்சரிப்பதும் அவர் கடமை.

அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணம் முன்தொகையில் சேருமானால், அது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்ற கடிதத்தையும் பணம் வந்த வழிக்கான ஆவணங்களையும் வங்கி கேட்கும். நல்ல நாள் பார்த்துக் குளோசிங்கைக் குறிப்பவர்கள், அந்தக் காகிதங்களுக்கான நாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 17 முதல், ரியல்டர் சங்கத்தோடு இணைந்த வீட்டுப் பட்டியல் முறையைப் பயன்படுத்தும் முகவர், வாங்குபவருக்கு வீடு காட்டும் முன்பே கட்டணத்தைக் குறிப்பிட்டு எழுத்து ஒப்பந்தம் செய்தாக வேண்டும். அதில் கையொப்பமிடும் முன், கட்டணம் எவ்வளவு என்பதோடு, தள்ளிப்போன குளோசிங் ஒன்றை அவர் எப்படிக் கையாண்டார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.