நெடுஞ்சாலையில் விரைந்து வேகமெடுப்பது எது? பழைய ஜெர்மன் செடான்களும் அமெரிக்க 'மசில்' கார்களும்: ஓர் ஒப்பீடு

ஒரு காரின் திறனைப் பற்றிப் பேசும்போது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட அது எடுத்துக்கொள்ளும் நேரமே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. ஆனால், நெடுஞ்சாலையில் இந்த அளவீடு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. முன்னே செல்லும் லாரியை முந்துவதற்கும், இணைப்புச் சாலையிலிருந்து பிரதான சாலையின் போக்குவரத்தில் கலப்பதற்கும் தேவைப்படுவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே 80 கி.மீ. வேகத்திலிருந்து 120 கி.மீ. வேகத்துக்கு உயரும் ஆற்றல்தான்.

இந்த அளவுகோலைக் கொண்டு பழைய ஜெர்மன் செடான் கார்களையும் அமெரிக்காவின் 'மசில்' கார்களையும் ஒப்பிட்டால், குதிரைத்திறன் எண்கள் மட்டும் சொல்லாத பல உண்மைகள் தெரியவருகின்றன.

இரு நாடுகள், இரு தேவைகள்

அமெரிக்காவில் மசில் கார்களின் காலம், 1964-ஆம் ஆண்டு அறிமுகமான போன்டியாக் ஜிடிஓ காருடன் தொடங்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நடுத்தர அளவுள்ள காரில் 6.4 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் விற்றதே அதன் வெற்றிக்குக் காரணம். அங்கு வேகத்தின் அளவுகோலாக விளங்கியது கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டுப் பந்தயம். இந்தப் பந்தயங்களை நெறிப்படுத்துவதற்கான தேசிய அமைப்பு 1951-ஆம் ஆண்டிலேயே உருவாகிவிட்டது.

எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1974-ஆம் ஆண்டு அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கி.மீ. என்ற வேக வரம்பு விதிக்கப்பட்டது. தேசிய அளவிலான வேக வரம்புச் சட்டம் 1995-ஆம் ஆண்டில்தான் முழுமையாக நீக்கப்பட்டது.

ஜெர்மனியின் நிலைமை வேறு. அதே எண்ணெய் நெருக்கடியின்போது ஆட்டோபான் சாலைகளில் விதிக்கப்பட்ட 100 கி.மீ. வரம்பு, சில மாதங்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. 1978 முதல் 130 கி.மீ. என்பது பரிந்துரை வேகமாக மட்டுமே உள்ளது. தனி வரம்பு விதிக்கப்படாத பகுதிகளில் அதைவிட வேகமாகச் செல்லத் தடையில்லை. எனவே, 150 கி.மீ. வேகத்திலிருந்தும் மேலும் வேகமெடுக்கக்கூடிய குடும்பக் கார்களுக்கு அங்கே உண்மையான தேவை இருந்தது.

1968-ஆம் ஆண்டு வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்இஎல் 6.3, 1985-இல் அறிமுகமான முதல் பிஎம்டபிள்யூ எம்5, போர்ஷே நிறுவனத்தின் துணையுடன் 1990-இல் உருவான மெர்சிடிஸ் பென்ஸ் 500இ ஆகியவை இந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே.

ஐந்து மடங்கு ஆற்றல்

ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல், அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அதிகரிக்கிறது. இதன்படி, பூஜ்ஜியத்திலிருந்து 40 கி.மீ. வேகத்தை எட்டத் தேவைப்படும் ஆற்றலைப் போல் ஐந்து மடங்கு ஆற்றல், 80-லிருந்து 120 கி.மீ. வேகத்துக்கு உயரத் தேவைப்படுகிறது. இரண்டிலும் கூடும் வேகம் 40 கி.மீ.தான் என்றாலும், எஞ்சினின் உழைப்பு முற்றிலும் வேறானது.

நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது டயரின் பிடிப்பும் ஓட்டுநரின் கிளட்ச் பழக்கமும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. 1960-களின் மசில் கார்களில் இருந்த டயர்கள் எஞ்சினின் விசையைத் தாங்க முடியாமல் சுழன்று வழுக்கின. அதனால், புறப்படும் நேர அளவீடுகள் அந்த எஞ்சின்களின் உண்மையான வலிமையைக் குறைத்தே காட்டின. ஓடும் நிலையில் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அப்போது முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: சக்கரத்தைச் சென்றடையும் திறன், காரின் எடை, காற்றுத்தடை.

எண்களில் ஒளிந்துள்ள வேறுபாடு

பழைய அமெரிக்க கார்களின் குதிரைத்திறனை அப்படியே எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். 1971 வரை பெரும்பாலும் 'மொத்தத் திறன்' முறையே பின்பற்றப்பட்டது. காரில் பொருத்தப்படும் புகைபோக்கி அமைப்பு, காற்று வடிகட்டி, மின்னாக்கி போன்றவை இல்லாமல் எஞ்சினைத் தனியே இயக்கி அளப்பதே அம்முறை. 1970-ஆம் ஆண்டு செவ்ரோலே செவெல் எஸ்எஸ் காருக்குக் குறிப்பிடப்பட்ட 450 குதிரைத்திறன் அப்படி அளக்கப்பட்டதே.

1972 முதல் துணைக்கருவிகள் அனைத்துடனும் அளக்கும் 'நிகரத் திறன்' முறை நடைமுறைக்கு வந்தது. செவ்ரோலே கார்வெட் காரின் எல்டி-1 எஞ்சின் 1971-இல் 330 குதிரைத்திறன் கொண்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய அதே எஞ்சின், அடுத்த ஆண்டு 255 குதிரைத்திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சின் வலுவிழக்கவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

ஆகவே, 1990-களின் ஜெர்மன் காரையும் 1970-இன் அமெரிக்க காரையும் எண்களை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையாகாது.

ஒரே காலத்தின் இரு கார்கள்

நியாயமான ஒப்பீட்டுக்கு, ஒரே காலத்தில் விற்பனையான இரு கார்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, 1998 முதல் 2003 வரை தயாரிக்கப்பட்ட பிஎம்டபிள்யூ எம்5. அதன் 4.9 லிட்டர் வி8 எஞ்சின் 400 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொண்டது. காரின் எடை சுமார் 1,800 கிலோ. மற்றொன்று, 1990-களின் இறுதியில் விற்பனையான செவ்ரோலே காமரோ எஸ்எஸ். அதன் 5.7 லிட்டர் வி8 எஞ்சின் 320 குதிரைத்திறன் கொண்டது. எடையோ எம்5-ஐ விட 200 கிலோவுக்கும் மேல் குறைவு. விலையும் பாதிக்கும் குறைவு.

இரண்டிலும் ஆறு கியர்கள் உண்டு. ஆனால், எரிபொருள் சிக்கனத்துக்காகக் காமரோவின் ஆறாவது கியர் மிக நீளமானதாக அமைக்கப்பட்டது. ஆறாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, எம்5 எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,100 முறை சுழல்கிறது. காமரோவின் எஞ்சின் சுமார் 1,400 முறைதான் சுழல்கிறது. இந்நிலையில் கியரை மாற்றாமல் ஆக்சிலேட்டரை மட்டும் அழுத்தினால், ஜெர்மன் கார் எளிதில் முந்திவிடும்.

இரண்டாவது கியருக்கு இறக்கினால் நிலைமை மாறுகிறது. காமரோ எஞ்சின் உச்சத் திறனைத் தருவது 5,200 சுழற்சிகளில். 80 முதல் 120 கி.மீ. வரை இரண்டாவது கியரில் அது சுமார் 4,000-லிருந்து 6,000 சுழற்சிகள் வரை இயங்குகிறது. அதாவது, தன் வலிமை முழுவதையும் இந்த இடைவெளியிலேயே அது வெளிப்படுத்துகிறது. எம்5 காரோ சுமார் 107 கி.மீ. வேகத்திலேயே இரண்டாவது கியரின் எல்லையைத் தொட்டுவிடுவதால், இடையில் ஒரு முறை கியரை மாற்ற வேண்டியுள்ளது. எடையும் குறைவு என்பதால், இந்த இடைவெளியில் மலிவான அமெரிக்க கார் எம்5-க்கு ஈடுகொடுக்கக்கூடியது.

120 கி.மீ. வேகத்தைத் தாண்டிய பிறகு காட்சி மீண்டும் மாறுகிறது. அங்கே காமரோ மூன்றாவது கியருக்கு மாறியாக வேண்டும். எம்5 காரின் மூன்றாவது கியர் 160 கி.மீ. வேகம் வரை தொடர்ந்து இழுக்கிறது. 6,600 சுழற்சிகளில் கிடைக்கும் 400 குதிரைத்திறனும் அந்தப் பயணத்தில்தான் வெளிப்படுகிறது. ஆட்டோபானுக்காக வடிவமைக்கப்பட்டதன் பலன் அங்கேதான் தெரிகிறது.

காற்றின் பங்கு

வேகம் 80-லிருந்து 120 கி.மீ. ஆக உயரும்போது காற்றுத்தடை 2.25 மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 3.4 மடங்காகிறது. 1960-களின் அமெரிக்க கார்களின் முகப்பும் பின்புறக் கண்ணாடியும் காற்றைப் பற்றிய கவலையின்றி வடிவமைக்கப்பட்டவை.

இதைப் பந்தயத் தளத்தில் உணர்ந்த டாட்ஜ் நிறுவனம், சார்ஜர் காருக்குக் கூர்மையான மூக்கையும் உயரமான பின் இறக்கையையும் பொருத்தி, 1969-இல் சார்ஜர் டேட்டோனாவை உருவாக்கியது. 1970 மார்ச் மாதம் டாலடேகா பந்தயத் தளத்தில் அந்த வகைக் கார் மணிக்கு 200 மைல் வேகத்தைக் கடந்தது. சாதாரண சார்ஜர் காரில் குறையாக இருந்தது எஞ்சின் வலிமை அல்ல, உடல் வடிவமே என்பதை இது உணர்த்தியது.

நான்கு விநாடிகளின் மதிப்பு

இந்த ஒப்பீடு கார் ஆர்வலர்களின் விவாதத்துக்கு மட்டும் உரியதன்று. 80-லிருந்து 120 கி.மீ. வேகத்துக்குச் சீராக உயரும் கார், சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் செல்கிறது. எதிரே ஒரு வாகனம் 80 கி.மீ. வேகத்தில் வந்தால், இரண்டுக்கும் இடையிலான தூரம் விநாடிக்கு 50 மீட்டர் வீதம் குறைகிறது. நான்கு விநாடிகளில் வேகமெடுக்கும் காருக்கு அந்த இடைவெளியில் 200 மீட்டர் கரைகிறது. எட்டு விநாடிகள் எடுக்கும் காருக்கு 400 மீட்டர் கரைகிறது.

நான்கு விநாடியா, எட்டு விநாடியா என்பதைக் காரின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வலிமை மிக்க காராக இருந்தாலும், உயர் கியரிலேயே முந்த முயன்றால் அது மந்தமான காரைப் போலவே நடந்துகொள்ளும். எனவே, எதிர்த்தடத்துக்குச் செல்லும் முன்பே பொருத்தமான கியருக்கு இறக்கிக்கொள்வது அவசியம். எதிரே உள்ள இடைவெளி போதுமா என்ற ஐயம் எழுந்தால் முந்தாமல் இருப்பதே, எந்த நாட்டுக் காருக்கும் பொருந்தும் பாதுகாப்பான முடிவாகும்.