ஆகுபெயராய் நின்ற திரான்சிற்றர்

பண்டித வகுப்பிலே ஆகுபெயர் நடத்திக்கொண்டிருந்தேன். 'வெற்றிலை நட்டான்' என்னுமிடத்து இலையின் பெயர் கொடிக்கு ஆகிவந்தமையைக் காட்டி, இத்தகைய சினையாகுபெயருக்கு நம் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று கூறுக என்றேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "எங்கள் அப்பப்பா றேடியோவைத் திரான்சிற்றர் என்றுதான் சொல்லுவார், ஐயா. அது உள்ளேயிருக்கும் ஓர் உறுப்பின் பெயர்தானே?" என்றாள். மிக்க மகிழ்ச்சி கொண்டேன். அம்மகிழ்ச்சி அடங்குமுன் அடுத்த வினாவும் எழுந்தது: "அதற்கு முன்பு வால்வை வைத்துத்தானே றேடியோ செய்தார்கள். அதை ஏன் ஒருவரும் வெறுமனே வால்வு என்று சொல்லவில்லை?"

திரான்சிற்றர் சிறியது, கையிற் கொண்டுசெல்லத்தக்க பெட்டியைத் தந்தது, ஆதலின் அதன் பெயர் மக்கள் நாவில் நிலைத்தது என்று அப்போதைக்கு ஒரு விடை கூறினேன். வீடு சேர்ந்து நூல்களைப் புரட்டியபோது அவ்விடை பாதியே சரியெனக் கண்டேன். மற்றைப் பாதியை ஈண்டு எழுதுகின்றேன். இலக்கணக்காரனுக்கு இது வேண்டாத வேலையென நண்பர்கள் நகைப்பாராயின் நகைக்க.

கையிற் கொண்டுசெல்லும் வானொலிப்பெட்டி திரான்சிற்றரோடு பிறந்ததன்று. 1940ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆர்.சி.ஏ. நிறுவனத்தார், விரலளவேயான கண்ணாடி வால்வுகள் நான்கினைக் கொண்டு, எளிதில் உடன் எடுத்துச்செல்லத்தக்க சிறு பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டனர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினர் காதோடு சேர்த்துப் பிடித்துப் பேசிய எஸ்.சி.ஆர். 536 என்னும் கருவி ஐந்து வால்வுகளும் ஏறக்குறைய ஐந்து இறாத்தல் நிறையும் உடையது. கண்ணாடியாதலின் வால்வு உடைந்துபோகும் என்பாரும் உளர். அதே போரிலே பீரங்கிக் குண்டின் முனையில் வைக்கப்பட்ட உணர்கருவிகளில் இருந்தவையும் வால்வுகளே. குண்டு புறப்படுங்கணத்தில் புவியீர்ப்பினும் 20,000 மடங்கான உதைப்பைத் தாங்கி அவை தொழிற்பட்டன. எனவே சிறுமையும் உறுதியும் வால்வுக்கு எட்டாத குணங்கள் அல்ல.

அதன் குறை வேறிடத்தே உளது. காற்று நீக்கிய குழாயினுள்ளே இருக்கும் இழை சூடேறினாலன்றி அதினின்று இலத்திரன்கள் புறப்படா. புறப்பட்டவற்றை எதிரேயுள்ள தகடு தன்பால் இழுத்தற்கு உயர்ந்த வோல்ற்றளவு வேண்டும். ஆகவே கைப்பெட்டிக்குள் இருவகைப் பற்றறிகள் இருந்தன. இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ற்றில் ஒன்று; தகட்டுக்கு அறுபத்தேழரை வோல்ற்றில் மற்றொன்று. இப்பிந்தியதோ நாற்பத்தைந்து சிறு கலங்களை அடுக்கிக் கட்டியது. அக்காலத்துப் பெட்டிகளில் நான்கு வால்வுகளின் இழைகளும் சேர்ந்து உண்ணும் மின்னோட்டம் 250 மில்லியம்பியர், அதாவது மூன்றிலொரு வாற்றுக்கும் சற்று மிகை. பாட்டு ஒலிப்பினும் ஒலியாதொழியினும் இச்செலவு நின்றபாடில்லை. உலையில் அரிசி இடுமுன்னரே விறகை விழுங்கும் அடுப்பு என்று எங்கள் வீட்டில் இதனைக் கூறுவர்.

1947ஆம் ஆண்டு டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பார்டீனும் வால்ற்றர் பிரற்றெயினும் ஜேர்மானியத் துண்டொன்றைக் கொண்டு ஒலியைப் பெருக்கிக் காட்டினர். அவர்களுக்கும் வில்லியம் ஷொக்லிக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. குறைகடத்தியான அத்திண்மப்பொருளில் மின்னைச் சுமப்பன முன்னரே ஆயத்தமாய் உள்ளன. அவற்றைச் சூடேற்றிக் கிளப்பவேண்டுவதில்லை. அடுப்பே இல்லாத சமையல் என்று வைத்துக்கொள்வோம்.

இத்துணைச் சிறப்புடையது உடனே வென்றிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆயின் முதற் பத்தாண்டுகளில் தராசின் மற்றைத் தட்டும் கனத்தே இருந்தது. ஆரம்பகாலத் திரான்சிற்றர் இரைச்சல் மிக்கது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் ஆனவையும் ஒன்றுபோலில்லை. உயர்ந்த மீடிறன்களில் அதன் பெருக்குந் திறன் தளர்ந்தது. மத்திய அலையைப் பற்றவே இடர்ப்பட்டது சிற்றலைக்கு எவ்வாறு ஆகும்? எல்லாவற்றினும் மேலாக, வெப்பம் அதற்குப் பகை. ஜேர்மானியத்தில் வெப்பநிலை ஏறக்குறைய பத்துப் பாகை ஏறுந்தோறும் வீணே கசியும் மின்னோட்டம் இருமடங்காகும். வால்வு சூட்டினால் உயிர்வாழ்வது. திரான்சிற்றரோ சூட்டினாற் கெடுவது. இம்முரணைக் கண்டபோது, அணியிலக்கணக்காரர் எவரும் இதைப் பாடாது விட்டனரே என்று வருந்தினேன்.

இவ்வழக்கு மிகத் தெளிவாக விளங்குவது செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவியிலேதான். 1952ஆம் ஆண்டின் இறுதியில் சொனொடோன் நிறுவனத்தார் வெளியிட்ட கருவியில் இரண்டு நுண்வால்வுகளும் ஒரு திரான்சிற்றரும் சேர்ந்திருந்தன. மெல்லிய ஒலி முதலிற் புகும் இடத்தை இரைச்சல் குறைந்த வால்வுகளிடம் விட்டனர். பற்றறியை மிகுதியாக உண்ணும் இறுதிப் படியைத் திரான்சிற்றரிடம் ஒப்படைத்தனர். இன்னாரை இன்ன தொழிலுக்கு என்று ஆய்ந்து நியமித்த செயல் அது. பத்து இஞ்சினியர்கள் கூடி எழுதும் ஒப்பீட்டினும் இச்சிறு கருவி தெளிவாகப் பேசுகிறது என்பது என் கருத்து.

1954ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வந்த ரீஜென்சி ரீ.ஆர்.1 என்பதே கடைக்கு வந்த முதல் திரான்சிற்றர் வானொலி. நான்கு ஜேர்மானியத் திரான்சிற்றர்கள். விலை 49 டொலர் 95 சதம். அதனினும் மலிவாக, அதனினும் இனிதாக ஒலிக்கும் வால்வுப் பெட்டியை அன்று வாங்கியிருக்கலாம். நுகர்வோர் இதழொன்று அதன் ஒலிநயத்தைக் குறைகூறவுஞ் செய்தது. எனினும் இருபத்திரண்டரை வோல்ற்றுப் பற்றறி ஒன்றே அதற்குப் போதும். அது ஏறக்குறைய இருபது மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தது. சட்டைப்பையில் அடங்கியது பெட்டி என்பர். உண்மையில் அடங்கியது பற்றறி. பெட்டி அதனைத் தொடர்ந்து அடங்கிற்று.

இக்கூற்றை ஐயுறுவார் வானத்தை நோக்குக. 1957 ஒக்ரோபர் 4ஆம் திகதி சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக்கில் வால்வுகளே ஒலிபரப்பின. அதன் நிறை 83.6 கிலோகிராம், அதில் ஏறக்குறைய 51 கிலோகிராம் பற்றறி! ஒரு வாற்று வலுவோடு ஒலித்தமையால், உலகெங்கும் ஆர்வலர்கள் தம் வீட்டுச் சிற்றலைப் பெட்டியிலேயே அக்குரலைக் கேட்டனர். மூன்று வாரத்தில் பற்றறி தீர்ந்தது, குரலும் நின்றது. 1958 மார்ச் 17ஆம் திகதி அமெரிக்கா ஏவிய வான்கார்ட் 1 என்பதன் நிறை ஒன்றரைக் கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. பெரிய தோடம்பழம் போன்ற அதனை அக்காலத்தில் ஏளனஞ் செய்தோர் பலர். அதன் திரான்சிற்றர்க் குரல் மிக மெலிந்தது. ஒரு வாற்றின் நூற்றிலொரு பங்கே கொண்ட அதனைக் கேட்கத் தனிக் கருவிகள் வேண்டியிருந்தன. ஆனால் சூரிய ஒளியை உண்டு அது 1964 வரை பேசியது. உரத்துப் பேசுதலே வேண்டுமெனின் வால்வு. நெடுநாட் பேசுதல் வேண்டுமெனின் திரான்சிற்றர். அன்று வழக்கு இவ்வாறே நின்றது. பின்னர்ச் சிலிக்கன் வந்து வெப்பக் குறையையும், செய்ம்முறைத் திருத்தங்கள் மீடிறன் குறையையும் பெரிதும் நீக்கியது தனிக்கதை.

அடுத்த பாடத்தில் அம்மாணவிக்கு இவற்றைக் கூறியபோது, புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக் கூறினேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மாறி ஒருவர் பெடலைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து வந்த சிறு மின்னைக்கொண்டு இரவில் தமிழோசை கேட்டோம். சுற்றுபவர் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "இன்னும் கொஞ்சம் வேகமாய்ச் சுத்தடா தம்பி!" என்று முற்றத்திலிருந்த பெரியவர்கள் சத்தமிடுவார்கள், எவருடைய ஊர்ப்பெயர் அன்று சொல்லப்படுமோ என்ற அச்சம் அவர்களுக்கு.

"வால்வு றேடியோவை அப்படி ஓட்டியிருக்க முடியாதா, ஐயா?" என்று கேட்டாள்.

தைனமோ தருவது ஆறு வோல்ற்று. தகட்டுக்கு வேண்டுவது அறுபத்தேழரை என்றேன். அவள் கொப்பியில் வகுத்துப் பார்த்துவிட்டு, "பதினொரு சைக்கிளும் போதாது" என்றாள்.