வாடகை வட்டியைத் தாங்குமா?

சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் பலருக்கு ஒரு யோசனை வரும்: லோன் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுவோம், வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும். பெரும்பாலும் கட்டாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சென்னைப் புறநகரில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். ஆக, கடன் 40 லட்சம், கைப்பணம் 10 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ஒரு நாலரை லட்சம். அதையும் கையிலிருந்துதான் போட வேண்டும். புரோக்கர் கமிஷனும் வக்கீல் ஃபீஸும் தனி. வீடு 9 சதவீதம் விலை ஏறினால்தான் பத்திரச் செலவே திரும்பும்.

வட்டி 8.5 சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு என்றால் இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். முதல் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஏறக்குறைய 6,400தான். அந்த வீட்டுக்கு மாதம் 15,000 வாடகை வருகிறது என்போம். சொத்து வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதம் எல்லாம் போக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் மிஞ்சலாம். போட்ட 50 லட்சத்துக்கு அது 3 சதவீதம். முதல் ஆண்டின் வட்டியோ 3.37 லட்சம்!

இந்த வாடகை வட்டியையாவது தாங்க வேண்டுமானால் கடன் பதினேழரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்: செலவு போக நிற்கும் ஆண்டு வாடகையை வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும்.

மீதி லாபமெல்லாம் விலையேற்றத்தை நம்பித்தான். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும். ஏறுவது மண்ணின் விலை. அதனால் ஃப்ளாட் வாங்குகிறவர் ஹாலின் அளவைவிட யூடிஎஸ்ஸைத்தான், அதாவது பத்திரத்தில் எழுதப்படும் பிரிபடாத நிலப் பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. அதில் சம அளவில் நான்கு வீடு என்றால் ஆளுக்கு 600 சதுர அடி. எட்டு வீடு என்றால் 300. இரண்டிலும் வீட்டின் பரப்பும் விலையும் ஒன்றாகவே இருந்தாலும், முப்பது ஆண்டு கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது கையில் இருப்பது ஒன்றல்ல. இதைக் கேட்காமலே அட்வான்ஸ் கொடுப்பவர்களைப் பார்க்கையில் மனசு பதறுகிறது.

இன்னொன்று, மாறும் வட்டி. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ விகிதத்தை ஒட்டி இது நகரும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. 7 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்கு இஎம்ஐ சுமார் 31,000. அதுவே 9.5 சதவீதம் ஆனபோது, கடனின் தொடக்கத்தில் இருந்தவருக்கு மாத வட்டி மட்டும் 31,667. பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்காரருக்குத் தரும்படி ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொன்னது. முடிந்தால் இஎம்ஐயைக் கூட்டச் சொல்லுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. நம் 40 லட்சக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் பதினாறரை ஆண்டில் தீர்ந்துவிடும்.

விற்கும்போது வரி உண்டு. இப்போது வாங்கி, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், பணவீக்கத்துக்கான கழிவு இல்லை.

பத்திரங்களில் அவசரம் வேண்டாம். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி எல்லாம் பாருங்கள். வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். கையெழுத்துப் போடாத வாரிசின் பங்கோ பதியாத ஒப்பந்தமோ அதில் வராது. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. உங்கள் கைப்பணத்துக்கும் ஒரு வக்கீல் தேவை. அவருக்கு ஃபீஸ் கொடுத்து, அட்வான்ஸுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.